துறைமுகம் இல்லாத கரை

திருக்கோணமலையில் நான் பூகோள ஆசிரியையாக இருந்தேன். கரும்பலகையில் எங்கள் ஊர்க் குடாவை வரைந்துவிட்டால் சரித்திரப் பாடமும் பாதி முடிந்துவிடும். போர்த்துக்கீசர் வந்தார்கள், டச்சுக்காரர் வந்தார்கள், பிரெஞ்சுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள், கடைசியில் வந்த ஆங்கிலேயர் போகவேயில்லை. ஏன் எல்லோரும் அங்கேயே வந்தார்கள் என்று கேட்டால் கடைசி வாங்கில் இருக்கும் பிள்ளைகூட எழுந்து சொல்லும்: "எந்தக் காத்திலையும் கப்பல் ஆடாமல் நிக்கும், ரீச்சர்." நல்ல துறைமுகம் உள்ள ஊரை உலகம் சும்மா விடாது என்பதுதான் நான் கற்பித்த பாடம். துறைமுகமே இல்லாத ஊரைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. அப்படி ஒரு ஊரை நான் பார்க்க நேர்ந்தது ரத்தினபாயால்.

ரத்தினபாய் நாஞ்சில் நாட்டுக்காரி. எங்கள் மிஷன் பள்ளியில் கணக்குக் கற்பித்தாள். விடுதியில் எங்கள் இருவருக்கும் ஒரே அறை. அண்ணனுக்குக் கடும் காய்ச்சல் என்று ஊருக்குப் போனவள், காய்ச்சல் தீர்ந்து வெகுகாலம் ஆகியும் திரும்பவில்லை. ஆகஸ்ட் விடுமுறை வந்ததும் தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டார். "நீ போய்க் கூட்டிக்கொண்டு வா. வரமாட்டாள் என்றால் ஏன் என்றாவது கேட்டுக்கொண்டு வா" என்றார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் தனியாகக் கடல் கடந்து போகும் பெண்ணுக்கு இப்படி ஒரு காரணம் கையில் இருப்பது நல்லது. வழியில் கேட்ட எல்லோரிடமும் அதையே சொன்னேன்.

திருநெல்வேலியில் பஸ் ஏறும்போது நல்ல வெயில். பணகுடி தாண்டியதும் காற்று ஆரம்பித்தது. சாதாரணக் காற்று இல்லை. என் குடை கைப்பிடியை மட்டும் என்னிடம் விட்டுவிட்டுத் துணியோடு ஒரு முள்மரத்தில் போய் உட்கார்ந்தது. கொஞ்ச தூரத்தில் பஸ்ஸின் மூக்கிலிருந்து ஆவி கிளம்ப, எல்லோரையும் இறக்கிவிட்டார்கள். இறங்கி நின்ற இடம்தான் ஆரல்வாய்மொழி.

வரைபடத்தில் எத்தனையோ முறை விரலால் தடவியிருக்கிறேன். நேரில் பார்த்தபோதுதான் புரிந்தது. வடக்கே எங்கோ தொடங்கிய மலை சுவர் எழுப்பியதுபோல் இத்தனை தூரம் வந்து, இங்கே ஒரு வாசல் விட்டுவிட்டு, மறுபடி கொஞ்சம் எழும்பிக் கடலருகே அடங்கிவிடுகிறது. காற்று, மாட்டுவண்டி, பஸ், படை எதுவானாலும் கிழக்கேயிருந்து வர இந்த ஒரு வாசல்தான். வாசலின் குறுக்கே பழைய கோட்டை மதில் இடிந்து கிடந்தது. அதன்மேல் ஆடு மேய்ந்தது. கீழே திருவிதாங்கூர் சுங்கச் சாவடி.

சுங்கக்காரர் என் பெட்டியைத் திறந்தவுடன் யாழ்ப்பாணப் புகையிலை மணத்தது. ரத்தினபாயின் அண்ணனுக்குக் கொண்டுபோனது. தீர்வையை வாங்கிக்கொண்டு மரியாதையாகப் பெட்டியை மூடிக் கொடுத்தார். ஆனால் பக்கத்தில் நின்ற கோட்டாற்று வாழைக்குலை வியாபாரிக்கு அந்த மணம் பிடித்துக்கொண்டது.

"யாழ்ப்பாணம்லா அது? ஒரு நுள்ளு தாருங்க டீச்சரம்மா. மணம் பிடிச்சே நாளாச்சு."

கிள்ளிக் கொடுத்தேன். அதற்குப் பதிலாக அவர் எனக்கு ஓர் ஏத்தன் பழமும் நாட்டின் சரித்திரமும் கொடுத்தார்.

"எங்க நாட்டுக்கு ரெண்டு வாசலு, கேட்டியளா. ஒண்ணு இது. மத்தது கடலு. கடலுக்கு மதிலும் கிடையாது, கதவும் கிடையாது. ஆனா அது வழியா வந்த டச்சுக்காரன் தோத்தான். இங்க பாருங்க, மதிலு கட்டி பீரங்கி வச்ச இடம். இது வழியாத்தான் இங்கிலீசுக்காரன் ஏறி வந்தான்."

அவர் சொன்னது சரித்திரப்படி சரி. பாளையங்கோட்டையிலிருந்து நடந்துவந்த கம்பெனிப் படை இந்த மதிலைத்தான் ஏறிப் பிடித்தது. வாழைப்பழம் ஒரு முழம் நீளம் இருந்தது. அதைத் தின்று முடிப்பதற்குள் பஸ்ஸும் சூடு தணிந்துவிட்டது.

நாகர்கோவிலில் ரத்தினபாய் காத்திருந்தாள். கொஞ்சம் மெலிந்திருந்தாள். "ஏட்டி ஞானம், வந்திட்டியா? காத்துல பறந்து போயிருப்பேன்னு நெனச்சேன்" என்று கையைப் பிடித்தாள். கிளப்புக்கடையில் ரசவடை வாங்கித் தந்தாள். எங்கள் ஊரில் வடையை ரசத்தில் போட்டால் சண்டை வரும். இங்கே அதற்காகவே ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள். நானும் இரண்டாவது முறை கேட்டு வாங்கினேன்.

மறுநாள் காலை குளச்சலுக்குப் புறப்பட்டோம். பஸ்ஸை ஓட்டியது அவளுடைய அண்ணன் யேசுவடியான். உயரமான மனிதர். நாற்பதைத் தாண்டியிருக்கும். பெரிய யுத்தத்தில் துருக்கிக்காரரோடு சண்டை நடந்த மெசப்பொத்தேமியாவுக்குப் போய் வந்தவர் என்று ரத்தினபாய் எப்போதோ சொன்னதுண்டு. புகையிலையை வாங்கி முகர்ந்து, "நல்லது டீச்சர்" என்றார். அன்று முழுவதும் என்னிடம் அவர் பேசியது அவ்வளவுதான்.

தக்கலைக்கு முன்னால் புலியூர்க்குறிச்சியில் டயர் வெடித்தது. யேசுவடியான் சட்டையைக் கழற்றிவிட்டு ரப்பர் டியூபைப் பிரித்து ஒட்டு வைக்க உட்கார்ந்தார். அவருடைய விலா எலும்புகளுக்கு மேல் தோல் சுருங்கிப் பளபளவென்று ஒரு தழும்பு இருந்தது. ரத்தினபாய் நான் பார்ப்பதைக் கண்டு, "வா, கோட்டையைப் பாத்திட்டு வருவோம்" என்று இழுத்துக்கொண்டு போனாள்.

உதயகிரிக் கோட்டை சாலையோரத்திலேயே இருக்கிறது. உள்ளே கூரையில்லாத ஒரு சிற்றாலயம். அதற்குள் டச்சுத் தளபதியின் கல்லறை. குளச்சலில் இறங்கி, அங்கேயே சிறைப்பட்டு, பிறகு தன்னைச் சிறைபிடித்த மகாராஜாவுக்கே படை பழக்கிக் கோட்டைகள் கட்டிக் கொடுத்து, இந்த மண்ணிலேயே முடிந்த மனிதர். கல்லில் லத்தீனும் தமிழும் வெட்டியிருந்தது. தமிழை நான் உரக்க வாசித்தேன். எங்கள் ஊர் டச்சுக் கல்லறைகளில் தமிழ் கிடையாது. எங்களிடம் வந்தவர்களுக்குத் துறைமுகம் இருந்தது. வேண்டும்போது கப்பல் வந்தது, வேண்டாதபோது போக முடிந்தது. இவருக்குக் கப்பல் வரவில்லை. அதனால் தமிழில் ஒரு கல்லறை கிடைத்தது என்று நினைத்துக்கொண்டேன்.

குளச்சலில் அவர்கள் வீடு கடற்கரையிலிருந்து சற்றுத் தள்ளி, தென்னைகளுக்கு நடுவில். மத்தியானம் அவித்த மரச்சீனிக் கிழங்கும் புளி ஊற்றிய சாளை மீன் கறியும். எங்கள் ஊரிலும் மரவள்ளி உண்டு, ஆனால் இப்படிப் பஞ்சுபோல் வேகாது. சாப்பிட்டு முடித்துக் கை கழுவப் போனபோது உள்ளறையைப் பார்த்தேன். சுவரோரம் நெல் மூட்டைகள், அரிசி மூட்டைகள், வாய் கட்டிய பானைகளில் அவல், கருப்பட்டி. இரண்டு பேர் உள்ள வீட்டில் ஒரு கல்யாணத்துக்குப் போதுமான சரக்கு.

அண்ணன் வெளியே போனதும் ரத்தினபாய் தானே சொன்னாள்.

"நான் ஏன் வரல்லன்னு கேக்கத்தானே வந்திருக்க? அதான் காரணம், பாத்தல்லா. அரிசி கொஞ்சம் குறைஞ்சா அண்ணனுக்கு உறக்கம் வராது. எந்திரிச்சு மூட்டைய தொட்டுப் பாத்துக்கிட்டே இருப்பாரு. சண்டைல என்ன நடந்துதுன்னு இத்தன வருஷத்துல ஒரு வாய் சொன்னதில்ல. இந்த ஊருல இருந்துகிட்டு கடக்கரைக்கும் போகமாட்டாரு. கல்யாணமும் வேண்டாம்னுட்டாரு. காய்ச்சல்ல கிடக்கும்போதுதான் கண்டேன், மூட்டைக்குப் பக்கத்துல தரையில கிடக்காரு. அப்படியிருக்க விட்டுட்டு எப்படிட்டி வாறது?"

தலைமையாசிரியைக்குக் காரணம் கிடைத்துவிட்டது. மறுநாள் கடலைப் பார்த்துவிட்டுப் புறப்படலாம் என்று முடிவு செய்தேன்.

மறுநாள் பொழுது விடிந்து வெயில் ஏறியதும் நாங்கள் இருவரும் கடற்கரைக்குப் போனோம். டச்சுக்காரர் தோற்றதற்கு அடையாளமாக நட்ட கல்தூண் அங்கே நிற்கிறது. அதன் அடியில் வலைகளை உலர்த்தியிருந்தார்கள். கடல் எனக்குப் பழக்கமானது என்று நினைத்திருந்தேன். இது வேறு கடல். திருக்கோணமலையில் கடல் கரையிடம் வந்து பேசிவிட்டுப் போகும். இங்கே அலை தென்னை உயரத்துக்கு எழுந்து, மடிந்து, மணலைச் சுரண்டிக்கொண்டு பின்வாங்கியது. சற்றுத் தூரத்தில் சில பாறைகள். அவற்றைத் தவிரக் கப்பலுக்கு ஒதுங்க ஓர் இடமில்லை.

வலை பிரித்துக்கொண்டிருந்த சூசை என்ற கட்டுமரக்காரர் எங்களைப் பார்த்ததும் தூணைக் காட்டி, "சண்டை பாக்க வந்தியளா?" என்றார். "எங்க பாட்டன்மாரு அன்னைக்கு துடுப்ப தோள்ல வச்சு வரிசையா நின்னாவளாம். டச்சுக்காரன் அதப் பாத்து எல்லாம் பட்டாளம்னு பயந்துட்டானாம்." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். "பயந்தது துடுப்புக்கு இல்ல. அவன் இறங்கின பொறவு காத்து தெக்கன் மேக்கா திரும்பிட்டு. வேற கப்பலு கரைக்குக் கிட்ட வரல்ல. திங்கதுக்கு ஒண்ணுமில்லாம கரையில கிடந்தான்."

அப்போதுதான் நான் பாறைகளுக்கு அப்பால் அந்தக் கப்பலைக் கவனித்தேன். இரண்டு பாய்மரங்களில் ஒன்று பாதியில் முறிந்து தொங்கியது. அலையில் அதன் அடிவயிறு தெரிந்து தெரிந்து மறைந்தது.

"அது யாருடையது?"

"தெரியாது. வந்து நின்னு நாலஞ்சு நாளாச்சு. காத்து அடங்குனா அதுவே போயிரும்" என்றார் சூசை. "பருவம் முடியதுக்கு முன்ன அவசரப்பட்டு இறக்கிட்டானுவ. இந்தக் கடல்ல நாங்களே மரம் தள்ளல்ல."

கரையில் இருந்த பண்டகசாலையில் கணக்கரிடம் ஒரு பழைய தூரக்கண்ணாடி இருந்தது. கேட்டதும் கொடுத்தார். கண்ணாடியில் ஆட்கள் தெரிந்தார்கள். தளத்தில் சமையல் கூடு இருந்த இடம் வெறுமையாக இருந்தது, அலை வாரிக்கொண்டு போயிருக்க வேண்டும். மீந்த பாய்மரத்தின் உச்சியில் ஏதோ உருண்டையாக ஆடியது. கரையில் இருந்தவர்கள் அதைச் சுருட்டிய பாய் என்று எண்ணியிருந்தார்கள். கண்ணாடியில் பார்த்தால் அது ஒரு பீப்பாய். தலைகீழாகக் கட்டியிருந்தது.

எங்கள் துறைமுகத்து வாயிலில் தோணிகள் அப்படிச் செய்வதைப் பார்த்திருக்கிறேன். "அவங்களிட்டைக் குடிக்கத் தண்ணி இல்லை" என்றேன்.

சூசை கண்ணாடியை வாங்கிப் பார்த்தார். அதற்குள் வேறு சிலரும் கூடிவிட்டார்கள். குடத்தில் தண்ணீர் கொண்டுபோனால் முதல் அலையிலேயே குடம் உடையும் என்றார் ஒருவர். பீப்பாயைக் கட்டுமரத்தில் ஏற்றினால் மரம் கவிழும் என்றார் இன்னொருவர். கரையில் நல்ல தண்ணீர்க் கிணறுகள் இருந்தன. கண்ணுக்கெட்டும் தூரத்தில் அவர்கள் இருந்தார்கள். நடுவில் இருந்த அந்தக் கொஞ்சம் கடலைத் தாண்டத்தான் வழி தெரியவில்லை.

ரத்தினபாய் தென்னைகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "கருக்கு மிதக்கும்லா?" என்றாள்.

இளநீரை அங்கே கருக்கு என்பார்கள். கூட்டம் ஒரு கணம் அவளைப் பார்த்தது. "மிதக்கும்" என்றார் சூசை. "கொலையோட கயித்துல கோத்து இழுத்துட்டுப் போலாம்."

அதன்பிறகு யாரும் யாரையும் கேட்கவில்லை. ஆட்கள் மரம் ஏறினார்கள். பெண்கள் கயிறு கொண்டுவந்தார்கள். ரத்தினபாய் வீட்டுக்கு ஓடினாள். அவர்கள் வீட்டுத் தென்னையிலும் கருக்கு வெட்டச் சொல்வதற்காக ஓடினாள் என்று நினைத்தேன். திரும்பி வரும்போது அவளுக்குப் பின்னால் யேசுவடியான் வந்தார். தோளில் மூட்டைபோல் எதையோ சுமந்திருந்தார். கடற்கரையில் நின்றவர்கள் அவரைப் பார்த்து வழி விட்டார்கள். அதற்கு முன் அவர் கடற்கரைக்கு வந்து பார்த்தவர் அவர்களில் ஒருவரும் இல்லை.

மணலில் இறக்கி வைத்தபோது பார்த்தேன். பஸ்ஸின் பழைய ரப்பர் டியூபுகள். ஒரு பக்கம் வெட்டி, உள்ளே அவலும் கருப்பட்டியும் நிரப்பி, இரண்டு முனையையும் தண்ணீர் புகாமல் இறுகக் கட்டியிருந்தார். சூசையிடம் சொன்னார்: "அடுப்பு போயிருந்தா அரிசி குடுத்துப் பிரயோசனம் இல்ல. இது நனைச்சுத் தின்னலாம். இதுவும் மிதக்கும்."

முதல் முயற்சி பலிக்கவில்லை. சூசையும் அவர் மைத்துனரும் கட்டுமரத்தைத் தள்ளிக்கொண்டு இரண்டு அலைகளைத் தாண்டினார்கள். மூன்றாவது அலை மரத்தைச் செங்குத்தாக நிறுத்தித் திருப்பிப் போட்டது. சில கணங்கள் தலைகள் தெரியவில்லை. பிறகு சூசையின் தலை தெரிந்தது, மைத்துனரின் தலையும் தெரிந்தது. கருக்குகள் உருண்டு உருண்டு எங்கள் காலடிக்கே வந்து சேர்ந்தன. சூசையின் மனைவி ஓடிப்போய் அவரைப் பிடித்துக்கொண்டு, "போதும், இனி போவாண்டாம்" என்று அழுதாள். அவர் நெற்றியில் இரத்தம் வழிந்தது.

யேசுவடியான் இடுப்பளவு தண்ணீரில் நின்று, சிதறிய கருக்குகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கரைக்கு எறிந்துகொண்டிருந்தார். எல்லாம் பொறுக்கி முடிந்த பிறகுதான் வந்தார். "காத்து கொஞ்சம் தாழட்டும். பாறைக்கு மேக்க இருந்து தள்ளிப் பாப்போம். நான் கழுத்து மட்டும் வந்து தள்ளித் தாறேன்" என்றார். சூசை மனைவியைப் பார்த்தார். அவள் முந்தானையைக் கிழித்து அவர் நெற்றியைக் கட்டினாள். போய் வரலாம் என்பதுதான் அந்தக் கட்டு சொன்ன பதில்.

பிற்பகலில் காற்று சற்றே தாழ்ந்தது. பாறைகளுக்கு மேற்கே அலை கொஞ்சம் சரிந்து விழும் ஓர் இடம். அங்கிருந்து தள்ளினார்கள். யேசுவடியான் சொன்னபடி கழுத்தளவு வரை போனார். ஒரு அலை அவரை மூடியது, இன்னொன்று மூடியது. கட்டுமரம் அதற்கு அப்பால் எழுந்து போனது. பின்னால் கருக்குக் குலைகளும் கறுப்பு டியூபுகளும் நீண்ட வால்போல் ஆடி ஆடிப் போயின.

அவர் கரையேறி எங்கள் அருகில் மணலில் உட்கார்ந்தார். ரத்தினபாய் தன் சேலைத் தலைப்பால் அவர் முதுகைத் துடைத்தாள். மரம் கப்பலை அடையும்வரை காத்திருப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. அப்போதுதான் அவர் பேசினார். என்னிடமா, தங்கையிடமா, கடலிடமா என்று தெரியவில்லை.

"நாங்க இருந்தது ஆத்தங்கரைல ஒரு ஊரு. நான் துவக்கு பிடிக்கல்ல, மூட்டை தூக்குத ஆளு. துருக்கிக்காரன் சுத்தி வளைஞ்சுட்டான். ஆறு ஒண்ணுதான் வழி. படகு வரும், வரும்னு சொன்னாவ. மாட்டத் தின்னோம். பொறவு குதிரையத் தின்னோம். தின்னமாட்டேன்னவன் செத்தான்."

ரத்தினபாயின் கை அவர் முதுகில் அப்படியே நின்றது.

"கடைசியில ஒரு படகு வந்துது. மாவும் அரிசியுமா நெறச்சிக்கிட்டு. ஆத்துக்குக் குறுக்க இரும்புக் கயிறு கட்டி வச்சிருந்தான். அதுல மாட்டி படகு மணல்ல ஏறிட்டு. ரொம்ப தூரமில்ல. கொஞ்ச நாள்ல நாங்க கையத் தூக்கிட்டோம்." அவர் கல்தூணைப் பார்த்தார். "இந்தக் கல்லக் காட்டி டச்சுக்காரன் தோத்தான்னு எல்லாரும் சந்தோசப்படுவாவ. எனக்கு அவன் கரையில நின்னு கப்பலப் பாத்துக்கிட்டு நிக்கதுதான் தெரியும். அதான் இங்கோட்டு வாறதில்ல."

போரில் வெல்வதும் தோற்பதும் தைரியத்தால் என்று பாடப்புத்தகம் சொல்லும். மலை எங்கே வாசல் விட்டது, ஆறு எங்கே மணலானது, காற்று எந்த மாதம் திரும்பியது என்பதால்தான் பாதிப் போர்கள் முடிவாகின்றன என்று நான் வகுப்பில் பெருமையாகச் சொல்லிக்கொடுத்தேன். வரைபடத்தில் அது அம்புக்குறிகளாக இருக்கும். அந்த அம்புக்குறிகளின் நுனியில் பசியோடு நின்ற ஒரு மனிதரின் பக்கத்தில் அன்றுதான் உட்கார்ந்தேன்.

கரையில் யாரோ, "பிடிச்சுட்டான், பிடிச்சுட்டான்" என்றார்கள். கப்பலிலிருந்து கயிறு விழுந்திருந்தது. கருக்குக் குலைகள் ஒவ்வொன்றாகத் தளத்துக்கு ஏறுவது வெறும் கண்ணுக்கே தெரிந்தது. யேசுவடியான் எழுந்து நின்று பார்த்தார். கடைசி டியூப் மேலே போகும்வரை உட்காரவில்லை.

சூசை திரும்பியபோது வெயில் மஞ்சளாகியிருந்தது. அலைகளின் மேலேறி வந்த கட்டுமரத்தை ஊரே இழுத்துக் கரையேற்றியது. சூசை நேரே என்னிடம் வந்தார்.

"டீச்சரம்மா, அவனுவ உங்க பேச்சுல்லா பேசுதானுவ. 'தண்ணி தாங்கோ, தண்ணி தாங்கோ'ன்னானுவ. கருக்க வெட்டக்கூட பொறுக்கல்ல."

மறுநாளும் ஒரு கட்டுமரம் போனது, அதற்கடுத்த நாள் இரண்டு. அதற்கும் அடுத்த நாள் கடல் அடங்கியது. கப்பலின் தண்டையல், அதாவது தலைவர், சூசையின் கட்டுமரத்திலேயே கரைக்கு வந்தார். வல்வெட்டித்துறைக்காரர். நரைத்த தாடி, உப்பு பூத்த உடம்பு. கொல்லத்திலிருந்து கூரை ஓடு ஏற்றிக்கொண்டு யாழ்ப்பாணத்துக்குப் புறப்பட்டவர்கள். காற்றில் பாய்மரம் முறிந்ததும் பாரம் குறைக்கப் பாதி ஓடுகளைக் கடலில் எறிந்துவிட்டு, இந்தப் பாறைகளின் மறைவில் நங்கூரம் போட்டிருக்கிறார்கள்.

யேசுவடியான் வீட்டில் அவருக்குச் சோறு போட்டோம். கரையில் கால் வைத்தும் அவருக்குத் தரை ஆடியது. சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"பிள்ளை எவடம்?" என்று என்னைக் கேட்டார்.

"திருக்கோணமலை, ஐயா."

"அப்ப உங்களுக்குத் தெரியும் துறை எண்டால் என்னெண்டு. இஞ்சை ஒரு கால் வைக்க இடமில்லை. கரையிலை சனம் நடக்கிறதைப் பாத்துக்கொண்டு கிடந்தம். எங்களை ஆரும் காணேல்லை எண்டுதான் நினைச்சம்." சோற்றைப் பிசைந்துகொண்டே யேசுவடியானைப் பார்த்தார். "ரப்பருக்குள்ளை அவல் போட்டு விட்டது நீங்களோ? பொடியள் முதலிலை மலைப்பாம்பு எண்டு பயந்திட்டாங்கள்."

யேசுவடியான் சிரித்தார். ரத்தினபாய் மீன்சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, பரிமாற மறந்து, அவர் சிரிப்பதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

உள்ளறையில் அவல் பானைகள் காலி. அரிசியும் கரையில் உதவிக்கு நின்றவர்களுக்குக் கஞ்சி வைத்ததில் கணிசமாகக் குறைந்திருந்தது. நான் கவலைப்பட்டேன். ஆனால் அடுத்த நாள் காலை யேசுவடியான் எழுந்து வரவேயில்லை. பஸ்ஸுக்கு ஆட்கள் வந்து வாசலில் நின்று கூப்பிட்டார்கள். ரத்தினபாய் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். "கட்டில்ல கிடந்து உறங்குதாரு. எழுப்ப மனசு வரல்ல" என்றாள். அன்று குளச்சல் பஸ் வெகு தாமதமாகப் புறப்பட்டது. காரணம் தெரியாமல் பிரயாணிகள் முணுமுணுத்தார்கள்.

மத்தியானம் அவரே பேச்சை எடுத்தார்.

"மக்கா, நீ டீச்சர் கூட போ. பிள்ளையளுக்கு கணக்கு சொல்லிக் குடு."

"அரிசி குறைஞ்சு போச்சுல்லா அண்ணே?"

"தீந்தா கடையில வாங்குகேன்" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, "கடக்கரையில சூசை இருக்கான். அங்க போயி இருப்பேன்" என்றார்.

ரத்தினபாய் உடனே கிளம்பவில்லை. கிறிஸ்துமஸ் அண்ணனோடு இருந்துவிட்டு ஜனவரியில் வருகிறேன் என்றாள். சொன்னபடி வந்தாள். ஆனால் அந்தத் தடவை நான் தனியாகத்தான் திரும்பினேன், கையில் ஒரு தூக்குப்பாத்திரம் நிறைய முந்திரிக்கொத்தோடு. பாசிப்பயறும் கருப்பட்டியும் உருட்டிச் சுட்ட அந்தப் பலகாரம் தலைமன்னாரைத் தாண்டவில்லை.

நான் புறப்பட்ட அன்று யேசுவடியானுக்கு மணவாளக்குறிச்சி வழி ஓட்டம். நாகர்கோவில்வரை ரத்தினபாயும் கூட வந்தாள். கடற்கரை ஓரமாகக் கறுப்பு மணல் மினுங்கியது. காஸ் விளக்கு வலை செய்ய அந்த மணலை முதலில் அள்ளிக்கொண்டு போனவர்கள் ஜெர்மானியர், யுத்தம் வந்ததும் ஆங்கிலேயர் கைக்கு மாறியது என்று ரத்தினபாய் சொன்னாள். துறைமுகம் இல்லாவிட்டாலும் மணலைக்கூட விடமாட்டார்கள் போலிருக்கிறது என்று நான் சொல்ல, அவள் சிரித்தாள்.

சாலை சற்று மேடேறும் இடத்தில் பஸ் நின்றது. டயர் மறுபடியும் வெடித்துவிட்டது என்று நினைத்தேன். யேசுவடியான் இறங்கிப்போய்ச் சாலையோரத்தில் நின்றார். தெற்கே கடலில் அந்தக் கப்பல் போய்க்கொண்டிருந்தது. முறிந்த மரத்தில் சின்னதாக ஒரு பாய் கட்டியிருந்தார்கள். நல்ல மரத்தில் முழுப் பாய். காற்று இப்போது அவர்கள் பக்கம் இருந்தது. பஸ்ஸில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக இறங்கி வந்து நின்றார்கள். குளச்சலில் அந்த ஒரு வாரமாக எல்லோருக்கும் அந்தக் கப்பல் தெரியும்.

மீன்கூடையோடு பஸ்ஸிலேயே உட்கார்ந்திருந்த திரேசம்மா என்ற கிழவி மட்டும் இறங்கவில்லை.

"கப்பலு அது பாட்டுக்குப் போவும் டிரைவரே. எனக்க மீனு நாறிப் போவும். வண்டிய எடும்" என்றாள்.

யேசுவடியான் கம்பியைச் சுழற்றி எஞ்சினைக் கிளப்பினார். எல்லோரும் ஏறினோம். பனைகள் வந்து கடலை மறைக்கும்வரை, கூடையை மடியில் வைத்துக்கொண்டு, கழுத்தைத் திருப்பி அந்தப் பாயைப் பார்த்துக்கொண்டே வந்தவள் அவள்தான்.